பாலத்து வேலைக்குப் போன ஒரு தச்சனின் கணக்கு

பதினாறு வருடம் கதவு, ஜன்னல், அலமாரி, மாடிப்படி என்று வீட்டு மர வேலை செய்தவன் நான். நெடுஞ்சாலைப் பாலம் கட்டும் இடத்துக்கு ஷட்டரிங் கார்பெண்டராக, அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்கான பலகை அச்சு அடிக்கிற தச்சனாகப் போனபோது, கை பழகிய வேலைதானே, இடம்தான் பெரியது என்று நினைத்துக்கொண்டு போனேன். ஐந்து மாதம் கழித்து வெளியே வந்தபோது எனக்கு வரவேண்டிய பாக்கி இருந்தது, அதைக் கேட்பதற்கான காகிதம் இல்லை. என்னோடு உதவிக்கு வந்த இரண்டு பையன்களுக்குக் கைக்காசிலிருந்து கூலி கொடுத்தேன். இந்த வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒருவர் என்னை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் பாதி கஷ்டம் இல்லாமல் போயிருக்கும். அப்படிப் பேச எனக்கு யாரும் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வேலையைப் பற்றியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முதல் தவறு பணத்தில் நடக்கவில்லை, பலகையில் நடந்தது. வீட்டு வேலையில் நாம் செய்யும் பொருள் நிற்கவேண்டும். இணைப்பு வெளியே தெரியக்கூடாது, ஆணித்தலை தெரியக்கூடாது, இருபது வருடம் ஆனாலும் ஆடக்கூடாது. பாலத்தில் நாம் செய்வது நாளைக்குக் கழற்றப்போகிற பொருள். கான்கிரீட்டைத் தாங்கும்வரை இரும்பு மாதிரி நிற்கவேண்டும், மறுநாள் நோகாமல் பிரிந்து வரவேண்டும். நான் முதல் வாரம் ஒரு சின்னப் பெட்டி அடித்தேன், மூலைகள் நான்கும் துளி இடைவெளி இல்லாமல். கான்கிரீட் போட்டு மறுநாள் பார்த்தால் பலகை வெளியே வரவே இல்லை. நான்கு பக்கமும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நின்றது. கடைசியில் கடப்பாரை வைத்து உடைத்தோம், கான்கிரீட் மூலையும் சேர்ந்து பெயர்ந்தது. அங்கிருந்த வயதான மேஸ்திரி ஒருவர் திட்டவில்லை. "தம்பி, கழற்றும்போது எந்தப் பலகை முதலில் வரும்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் முதல் ஆணி அடி" என்றார். ஒரு பலகையின் ஓரத்தைச் சரிவாக அறுத்து, அதைத் தட்டினால் மற்றவை தளர்ந்துகொடுக்கிற மாதிரி வைக்கவேண்டும். பிடுங்கவேண்டிய இடத்தில் ஆணியை முழுக்க இறக்காமல் தலையைக் கொஞ்சம் வெளியே விடவேண்டும், அல்லது இரட்டைத்தலை ஆணி போடவேண்டும். வீட்டு வேலையிலிருந்து வருகிறவர்கள் இதை முதல் நாளே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாடம் பிளைவுட். அலமாரி செய்யும்போது வீணாகாமல் அறுப்பதைத்தான் பெரிதாகப் பார்ப்போம். அதே பழக்கத்தில் இங்கேயும் பலகையைத் திருப்பிப் போட்டேன். பிளைவுட்டின் மேல்முகத்து இழை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் அதற்கு வலு அதிகம். பின்னால் நிற்கிற ரன்னர் கட்டைகளுக்குக் குறுக்காக அந்த இழை ஓடவேண்டும், அதாவது ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குப் பாலம் போடுகிற மாதிரி. கட்டைக்கு இணையாக இழை ஓடினால் அதே பலகை அதே சுமையில் இரண்டு கட்டைக்கு நடுவே தொய்ந்துவிடும். கான்கிரீட் முகத்தில் அலை அலையாகத் தெரியும், அதைத் தேய்த்துச் சரிசெய்ய ஆகும் நாள் நம் கணக்கில்தான் சேரும். அறுத்த ஓரத்துக்கு அன்றைக்கே பெயின்ட் அடித்து மூடுங்கள். தண்ணீர் குடித்து ஓரம் உப்பிவிட்டால் அடுத்த முறை இணைப்பு சமமாக உட்காராது. பலகையில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்கப் பூசும் ஷட்டர் எண்ணெயைக் கம்பி கட்டுவதற்கு முன்னாலேயே பூசிவிடுங்கள், மெல்லிசாக. கம்பியில் எண்ணெய் பட்டால் கான்கிரீட் அதைப் பிடிக்காது.

சரி, வேலை பிடிபட ஒரு மாதம் ஆனது. என் கதை தொடங்குவது அதற்கு அப்புறம். எங்களுக்குக் கொடுத்த வேலை ஆறு தூண்களின் தலை, பியர் கேப் என்று சொல்வார்கள். தூணுக்கு மேலே இரண்டு பக்கமும் கை விரித்த மாதிரி நிற்கும், அதன்மேல்தான் கர்டர்கள், அதாவது பாலத்தின் பெரிய உத்தரங்கள், வந்து உட்காரும். ஒவ்வொன்றும் ஒன்பதரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம். நடுவில் 2.4 மீட்டர் ஆழம், ஓரத்துக்குப் போகப்போகக் குறையும். நாள் கூலிக்குப் போயிருந்த என்னிடம் சப் கான்ட்ராக்டர், "சதுர மீட்டர் கணக்குக்கு எடுத்துக்கோங்க, உங்க வேகத்துக்கு நல்லா நிக்கும்" என்றார். வாயால் ஒரு ரேட் சொன்னார். மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன், நாள் கூலியைவிட ஒன்றரை மடங்கு வந்தது. சந்தோஷமாகத் தலையாட்டினேன். அந்த ரேட் எந்த அளவுக்கு, எந்த முகத்துக்கு, எதையெல்லாம் சேர்த்து என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடுமோ என்று பயந்தேன். அந்தப் பயம்தான் எனக்கு அதிக நஷ்டம் கொடுத்தது என்று இப்போது தெரிகிறது.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். சதுர மீட்டர் ரேட் என்றால் கான்கிரீட் படுகிற பரப்புக்குக் கூலி. ஆனால் எந்தப் பரப்பு? பக்கவாட்டு முகங்கள் மட்டுமா, அடிப்பக்கப் பலகையும் சேர்த்தா? மேலே கர்டர் உட்காரும் சின்னப் பீடங்களுக்கு என்ன கணக்கு? ஒரு பீடம் 60 சென்டிமீட்டர் சதுரம், 30 சென்டிமீட்டர் உயரம், நான்கு பக்கமும் கூட்டினால் 0.72 சதுர மீட்டர்தான் வரும். ஆனால் அதன்மேல் கர்டரைத் தாங்கும் பேரிங் உட்காரப்போகிறது, மட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும், சர்வேயர் வந்து பார்த்து, இறக்கி, ஏற்றி, மறுபடி பார்த்து என்று அரை நாள் போய்விடும். பெரிய முகத்தில் அரை நாளில் முடிப்பதில் கால் பங்கு அளவுகூடப் பீடத்தில் வராது. அதனால் பீடத்துக்கு எண்ணிக்கைக் கணக்கில் தனி ரேட் பேசவேண்டும். கழற்றுவது, ஆணி பிடுங்குவது, பலகை சுரண்டிச் சுத்தம் செய்வது, அடுத்த தூணுக்குக் கொண்டுபோவது, இதெல்லாம் அந்த ரேட்டுக்குள்ளா வெளியேயா? கிரேன் வராத நாள், கம்பி வேலை முடியாமல் நாம் காத்திருக்கிற நாள், அந்த நாளுக்கு யார் கூலி? ஆணியும் எண்ணெயும் யாருடையது? தவறு நம் மேல் இல்லாமல் திரும்பச் செய்யவேண்டி வந்தால் அதற்கு என்ன? இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால், பேசியதை அப்படியே போனில் செய்தியாக அனுப்பி "நாம் பேசியது இதுதான், சரியா?" என்று கேளுங்கள். "சரி" என்று ஒரு பதில் வந்தால்கூடப் போதும். எனக்கு அந்த ஒரு வார்த்தை இருந்திருந்தால் எவ்வளவோ உதவியிருக்கும்.

காத்திருக்கிற நாள்தான் முதலில் என்னைக் கடித்தது. வேலை செய்த நாளில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சராசரியாக 6 சதுர மீட்டர் முடித்தோம், அடிப்பது, கழற்றுவது, சுத்தம் செய்வது எல்லாம் சேர்த்து. ஆனால் ஐந்து மாதத்தில் 45 நாள் வெறுமனே உட்கார்ந்திருந்தோம். கிரேன் வேறு பக்கம் போயிருக்கும், கம்பி வந்திருக்காது, சர்வேயர் லீவில் இருப்பார். பையன்கள் இருவரும் என்னை நம்பி வந்தவர்கள், அவர்களுக்கு உட்கார்ந்த நாளுக்கும் பாதிக் கூலி கொடுத்தேன். அளவுக் கணக்கில் வேலை எடுக்கிறவர் தன் கையில் குறைந்தது ஒரு மாதச் செலவுக்கு வைத்திருக்கவேண்டும். முன்பணம் வாங்கினால் அதைத் தனியாக எழுதி வையுங்கள். நான் மூன்று முறை வாங்கியதை அவர்கள் ஐந்து முறை என்று சொன்னார்கள். எனக்கு நினைவு மட்டும்தான் இருந்தது, அவர்களிடம் நோட்டு இருந்தது.

நான்காவது பியர் கேப்பில்தான் அது நடந்தது. அந்த ராத்திரியைப் பற்றி எழுத இப்போதும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பக்கவாட்டு ஷட்டர் இரண்டையும் எதிரெதிராக இழுத்துப் பிடிப்பது டை ராட் என்கிற கம்பிகள், மூன்று வரிசையில் போட்டிருந்தேன். ஈரமான கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.4 டன். அது தண்ணீர் மாதிரி பக்கவாட்டில் தள்ளும், ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும். 2.4 மீட்டர் ஆழத்தையும் ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் ஒரு சதுர மீட்டர் பலகைமேல் கிட்டத்தட்ட 6 டன் தள்ளும். மெதுவாக நிரப்பினால் மேலே வருவதற்குள் அடியில் இருப்பது இறுகத் தொடங்கிவிடும், அந்த அழுத்தம் முழுசாக வராது. அதனால்தான் மணிக்கு இத்தனை மீட்டர் உயரம்தான் ஏறவேண்டும் என்று வரைபடத்தில் எழுதியிருப்பார்கள். எங்களுடையதில் ஒரு மீட்டர் என்று இருந்தது. 35 கன மீட்டர், மூன்று மணி நேர வேலை.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் எல்லா டை ராடும் பார்த்து இறுக்கிவிட்டு இறங்கினேன். கான்கிரீட் ஆறு மணிக்குத் தொடங்கவேண்டியது. மழை வந்தது, பம்பு பழுதானது, கடைசியில் பதினொன்றரைக்குத் தொடங்கினார்கள். அதற்குள் நான்கு லாரி வரிசையில் நின்றது. கான்கிரீட் சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்க மருந்து சேர்த்த கலவை, அதோடு குளிர்ந்த ராத்திரி. இரண்டும் சேர்ந்தால் இறுகுவது இன்னும் தள்ளிப்போகும், அழுத்தம் இன்னும் கூடும். இது அப்போது எனக்குத் தெரியாது. லாரியைக் காலி பண்ணவேண்டும் என்று பம்பை வேகமாக விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் நடுப்பகுதி விளிம்புவரை வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. "அண்ணே, ரொம்ப வேகமா ஏறுதே" என்று என் பையன் சொன்னான். நான் ஃபோர்மேனைப் பார்த்தேன், அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

சத்தம் முதலில் வந்தது. ஒரு டப்பாவை ஓங்கி அடித்த மாதிரி. அடி வரிசையில் ஒரு நட்டு தெறித்தது. ஷட்டர் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு வந்ததை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். அப்போதுதான் கத்தினேன். பம்பு நின்றது, வைப்ரேட்டர் நின்றது. கீழே இருந்தவர்களை விலகச் சொன்னோம். யாருக்கும் அடி இல்லை, அதற்கு இன்றைக்கும் கும்பிடுகிறேன். தெறித்த நட்டு போன திசையில் ஐந்து நிமிடம் முன்னால் என் இளைய பையன் நின்றிருந்தான். கைகால் நடுங்கியது, ஏணியில் இறங்க முடியாமல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மீட்டர் நீளத்துக்கு, அதிகபட்சம் 45 மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருந்தது. முட்டுக் கொடுத்து அந்த நிலையிலேயே நிறுத்தினோம். ஒரு விஷயம் மட்டும் நான் சரியாகச் செய்தேன், அதுவும் அந்த வயதான மேஸ்திரி முன்பு சொன்னது. தள்ளிய ஷட்டரை ஜாக்கி வைத்துத் திரும்ப உள்ளே தள்ளப் பார்க்கவில்லை. இறுகத் தொடங்கிய கான்கிரீட்டைத் தள்ளினால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. தள்ளியது தள்ளியதாகவே இருக்கட்டும், பிறகு செதுக்கலாம். அப்படிச் செதுக்க எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளுக்கும் ஒரு பைசா இல்லை. "உன் ஷட்டர், உன் தப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கம்பி கட்டுகிற பையன் ஒருவன் தனியாக வந்து சொன்னான். அன்றைக்கு ஐந்து மணிக்கு மேல் அடிக்கம்பி ஒன்றைச் சரிசெய்யவேண்டி இரண்டு டை ராடை உருவினார்களாம், திரும்பப் போட்டார்களாம், ஸ்பேனர் இல்லாததால் நட்டைக் கையால் நாலு மரைக்கு மட்டும் திருகி விட்டார்களாம். சொல்லும்போது அழுதான். எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் நான் இறங்கியபோது எல்லா நட்டும் முழு மரையில் இருந்தது என்பதை எப்படி நிரூபிப்பது? ஒரு போட்டோ இல்லை, ஒரு கையெழுத்து இல்லை. அந்தப் பையனைச் சாட்சிக்கு இழுத்தால் அவன் வேலை போகும். பேசாமல் இருந்துவிட்டேன். அந்த வாரம் வீட்டிலிருந்து போன் வந்தால் எடுக்கவில்லை. வேலை தெரியாதவன் என்று பெயர் வாங்கியது பணம் போனதைவிட வலித்தது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். டை ராட் இறுக்கி முடித்ததும் நட்டு, பிளேட், ராட் மூன்றின்மேலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயின்ட் இழுத்துவிடுவேன். யாராவது தொட்டிருந்தால் கோடு விலகியிருக்கும், ராத்திரியில் டார்ச் அடித்தாலே தெரியும். ஒவ்வொரு வரிசையையும் டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுப்பேன், தேதியும் நேரமும் அதிலேயே பதிந்துவிடும். கான்கிரீட் தொடங்குவதற்கு அரை மணிக்கு முன்னால் மறுபடி ஒரு சுற்று, எத்தனை மணி நேரம் தள்ளிப்போனாலும் சரி. நான் பார்த்து முடித்த பிறகு யாராவது ஷட்டரைத் தொட்டால் எனக்குச் சொல்லவேண்டும் என்று கம்பிக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவேன். அவர்களுக்கு ஒரு ஸ்பேனரையும் கொடுத்துவிடுவேன். ஷட்டருக்கு வெளியே நீளவாக்கில் ஒரு நூல் கட்டி, முனைகளில் 25 மில்லிமீட்டர் கட்டை வைத்து விலக்கி நிறுத்துவேன். கான்கிரீட் ஏறும்போது அதே அளவுக் கட்டையை நூலுக்கும் ஷட்டருக்கும் நடுவில் விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால் மூன்று மில்லிமீட்டர் தள்ளினாலே கைக்குத் தெரிந்துவிடும். அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு ஆள், அவன் கையில் ஒரு விசில். விசில் ஊதினால் பம்பு நிற்கவேண்டும் என்று பம்பு ஓட்டுநரிடம் நேராகப் பேசிவைப்பேன், வேறு யார் மூலமாகவும் இல்லை. ஷட்டரில் 50 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, எந்தக் கோட்டை எத்தனை மணிக்குத் தொட்டது என்று எழுதிக்கொள்வேன். வேகமாக ஏற்றினார்களா என்கிற கேள்விக்கு அந்தக் காகிதம் பதில் சொல்லும்.

வேலை இல்லாமல் இருந்த நாள்களில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 1972 அக்டோபர் 24 அன்று லாடன் ஆற்றின்மேல் சாலைப்பாலம் கட்டும்போது, கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கையில் தாங்குசாரம் சரிந்து மூன்று பேர் இறந்திருக்கிறார்கள், பத்துப் பேருக்குக் காயம். அதற்கு அப்புறம் அரசு அமைத்த குழு, பிராக் குழு என்று பெயர், 1975-இல் இறுதி அறிக்கை கொடுத்தது. தற்காலிகக் கட்டுமானத்துக்கு என்று பொறுப்பான ஒரு ஆள் தளத்தில் இருக்கவேண்டும் என்ற ஏற்பாடு அங்கே அதிலிருந்துதான் வளர்ந்தது. அதைப் படித்ததும் எனக்கு உறைத்தது. என் தளத்தில் பாலத்துக்குப் பொறுப்பாக எத்தனையோ பேர் இருந்தார்கள், பாலத்தைத் தாங்கிய ஷட்டருக்குப் பொறுப்பாக ஒருவரும் இல்லை. நட்டைக் கழற்ற யாரிடம் கேட்கவேண்டும் என்று அந்தப் பையனுக்குத் தெரியாததற்கு அதுதான் காரணம். இப்போது புதுத் தளத்துக்குப் போனால் நான் கேட்கிற முதல் கேள்வி, "சென்ட்ரிங்குக்கும் ஸ்டேஜிங்குக்கும் கையெழுத்துப் போடுவது யார்?" சென்ட்ரிங் என்பது பலகை அச்சு, ஸ்டேஜிங் என்பது அதைக் கீழிருந்து தாங்கும் சாரம். பதிலாக ஒரு பெயர் வரவேண்டும். "எல்லாரும் பார்த்துப்போம்" என்று பதில் வந்தால் அங்கே அளவுக் கணக்கில் வேலை எடுக்க மாட்டேன்.

ஆறு கேப்பும் முடித்து பில் வந்தபோது அடுத்த இடி. நான் கணக்குப் போட்டிருந்தது 366 சதுர மீட்டர். அவர்கள் போட்டது 222. பக்கவாட்டு முகங்களை மட்டும் எடுத்திருந்தார்கள். அடிப்பக்கம் 90 சதுர மீட்டர் ஸ்டேஜிங் ஆட்களின் கணக்கில் போய்விட்டது என்றார்கள். பீடங்களும் மற்ற சின்ன வேலைகளும் 54 சதுர மீட்டர், அது "வேலையோடு சேர்ந்தது" என்றார்கள். 144 சதுர மீட்டர் என்றால் எங்கள் மூன்று பேருக்கும் 24 நாள். செதுக்கிய ஒன்பது நாளையும் சேர்த்தால் 33 நாள், மூன்று பேருக்கு 99 ஆள் கூலி. அதில் 66 பையன்களுடையது, அதை நான் கொடுத்தே ஆகவேண்டும். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. கருவிப் பெட்டியை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

சண்டை போடப் போனேன், இரண்டு முறை. குரல் உயர்ந்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது முறை வேறு மாதிரி போனேன். தளத்தில் இருந்த இளம் இன்ஜினியர் ஒருவர் மனமிரங்கி வரைபடத்தின் நகல் கொடுத்தார். அதில் இருக்கும் அளவை வைத்து ஒவ்வொரு முகத்தின் பரப்பையும் தனித்தனியாகப் போட்டேன். அடிப்பக்கம் நீளம் ஒன்பதரை, அகலம் இரண்டு, தூண் உட்காரும் நான்கு சதுர மீட்டரைக் கழித்தால் 15, ஆறுக்கு 90. ஒவ்வொரு கேப்பும் எந்தத் தேதியில் போடப்பட்டது என்பது கான்கிரீட் பதிவேட்டில் இருந்தது. அதற்கு முந்தைய நாள்களில் அடிப்பலகை அடித்தது நாங்கள்தான் என்று ஸ்டேஜிங் ஆட்களின் மேஸ்திரியே சொன்னார், தன் கணக்கில் அது இல்லை என்றும் சொன்னார். இவ்வளவையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தபோது அந்த 90-க்குப் பணம் வந்தது, இரண்டு மாதம் கழித்து. பீடங்களுக்கு வரவில்லை. செதுக்கிய நாளுக்கு வரவில்லை. ஆக, மூன்று பேருக்கும் 18 நாள் போனது போனதுதான், காத்திருந்த 45 நாள் தனி.

இதைச் சொல்வது ஒரு காரணத்துக்காக. அளவு போட நமக்குத் தெரியும், ஒரு மில்லிமீட்டர் தப்பாமல் பலகை அறுக்கிறவர்கள் நாம். அதே கையால் நம் சொந்த வேலையை அளந்து எழுதிவைக்க மட்டும் ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை. ஒரு நோட்டு போதும். தேதி, எந்தத் தூண், எந்த முகம், நீளம், உயரம், எத்தனை ஆள். காத்திருந்தால் எதற்காகக் காத்திருந்தோம். வாரம் ஒரு முறை தளத்து இன்ஜினியரிடமோ ஃபோர்மேனிடமோ காட்டி ஒரு சுருக்கக் கையெழுத்து வாங்குங்கள். வாரத்துக்கு ஒரு முறை கேட்டால் யாரும் தயங்குவதில்லை, ஐந்து மாதம் கழித்துக் கேட்டால்தான் எல்லாரும் பின்வாங்குகிறார்கள். மூடிவிடுகிற வேலையை மூடுவதற்கு முன்னால் அளக்கவேண்டும். ஷட்டரைக் கழற்றிய பிறகு நாம் செய்ததற்கு அடையாளமே இருக்காது, கான்கிரீட் மட்டும்தான் நிற்கும்.

உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். உயரத்தில் இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது பெல்ட்டின் கொக்கி எதில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஷட்டரில் மாட்டாதீர்கள், ஷட்டர் போனால் நீங்களும் அதோடு போவீர்கள். கீழே வண்டி ஓடுகிற சாலையாக இருந்தால் சுத்தியலையும் ஸ்பேனரையும் கயிற்றில் கட்டி மணிக்கட்டிலோ இடுப்பிலோ மாட்டுங்கள். கழற்றிய பலகையில் ஆணியை அன்றைக்கே பிடுங்குங்கள், நேரம் இல்லையென்றால் மடக்கியாவது விடுங்கள். என் பெரிய பையன் ஆணி மிதித்து நான்கு நாள் படுத்தான். ஈரக் கான்கிரீட் பூட்ஸுக்குள் போனால் உடனே கழற்றிக் கழுவுங்கள், முதலில் எரியாது, சாயங்காலம் தோல் உரிந்திருக்கும். பிளைவுட்டை மெஷினில் அறுக்கும்போது முகத்துக்கு நல்ல மாஸ்க் போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. பதினாறு வருடம் இதைக் கேள்விப்படாமலே மூச்சு விட்டிருக்கிறேன்.

நான் இந்த வேலையை விடவில்லை. ஆறு மாதம் கழித்து வேறொரு பாலத்துக்குப் போனேன், அதே இரண்டு பையன்களும் வந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முடித்தேன். அங்கே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் முதல் பலகையைத் தொட்டேன். பீடத்துக்குத் தனி ரேட் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவது மாதம் ஒரு ராத்திரி கான்கிரீட் ஓடிக்கொண்டிருக்கும்போது இளைய பையன் விசில் ஊதினான். பம்பு நின்றது. கட்டையை விட்டுப் பார்த்தோம், நான்கு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. ஒரு முட்டு தளர்ந்திருந்தது. ஆப்பு அடித்து இறுக்கினோம், இருபது நிமிடம் பொறுத்தோம், அப்புறம் மெதுவாக ஏற்றச் சொன்னேன். ஃபோர்மேன் முகம் சுளித்தார், ஆனால் முடியாது என்று சொல்லவில்லை. காலையில் ஷட்டர் கழற்றியபோது முகம் நேராக இருந்தது. அன்றைய நோட்டில் பம்பு நிறுத்திய நேரத்தையும் திரும்பத் தொடங்கிய நேரத்தையும் அந்தப் பையனையே எழுதச் சொன்னேன்.